கல்லுக்குப் போகாத எழுத்து

வினிபிரட் அக்கா இருபத்திரண்டு வருடமாக எனக்கு வேலை அனுப்புகிறார். கோப்பாயில் தன் வீட்டு முன்னறையில் இருந்து அவர் எழுத்தை அடித்து ஒழுங்குபடுத்துவார். சண்டிலிப்பாயில் நான் அதைக் கல்லில் வெட்டுவேன். செத்தவரின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே ஒரு வசனம். இத்தனை வருடத்தில் அவருடைய கோப்பில் ஒரு புள்ளிகூடப் பிசகியதில்லை. பிசகியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன், என்னுடைய வாய் அப்படி. கடதாசி என்றால் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி அடிக்கலாம், கறுப்புக் கிரனைற்றைக் கசக்க முடியுமா? பிழையான கோப்பு வந்தால் போனிலேயே கத்துவேன். அச்சகக்காரரில் பாதிப்பேர் என்னோடு நேரே கதைப்பதில்லை, ஆள் விட்டுத்தான் கதைப்பார்கள். அக்காவிடம் கத்த மட்டும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, போன கார்த்திகை மாதம் வரைக்கும்.

அக்கா பிறந்தது கரவெட்டியில். தகப்பன் மிசன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பதினெட்டு வயதில் தட்டச்சு படித்தார். தொண்ணூற்றைந்து யுத்தத்தில் கோப்பாய்ப் பக்கமே எழும்பி ஓடியபோது மற்றவர்கள் அரிசியும் பாயும் கட்ட, இவர் தட்டச்சு மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனாராம். அங்கே ஒரு கோவில் மண்டபத்தில் இருந்து, வந்து சேர்ந்த குடும்பங்களின் பெயர்களை ஆறு மாதமாக அடித்திருக்கிறார். நிவாரணம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பம் பட்டினி. பிழை விடாத பழக்கம் அங்கே வந்ததுதான் என்று எமில்ராஜ் அண்ணை சொல்லுவார். எமில்ராஜ் அண்ணை அக்காவின் புருசன், பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கதை குறைவு.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. பழைய எழுத்துருக்களில் அடித்ததை வேறு கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். நாங்கள் தலையில் கை வைப்போம். அக்காவோ அந்தக் குப்பையையே வாசிப்பார். விரல் எந்தக் கட்டையில் போயிருக்கும் என்று பார்த்து, "இது சின்னத்தங்கம், இது அந்திரான்" என்று சொல்லிக்கொண்டே போவார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். எனக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கோடாக்கிவிடுவார். கோடாக்கினால் அது பிறகு எழுத்து இல்லை, வெறும் படம். எந்தக் கொம்பியூட்டரில் திறந்தாலும் அச்சொட்டாக அப்படியே நிற்கும். இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் செய்ய வேண்டிய வேலை இது. செய்கிறவர்கள் பத்தில் மூன்று பேர் வருவார்கள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, றூபன். அக்காவுக்கு முப்பத்தொரு வயதில் பிறந்தவன். வளர்ந்து கொம்பியூட்டர் படித்தான், ஆனால் கணக்கெழுதும் மென்பொருளில் அவனுக்கு மனம் இல்லை. எழுத்துக் கீறினான். தமிழில் ஒரு எழுத்துரு செய்யப்போகிறேன் என்று இரண்டு வருடம் லப்டொப்பும் கையுமாகத் திரிந்தான். ஒருநாள் என் கடைக்கும் வந்து, நான் வெட்டி வைத்திருந்த கல்லை எல்லாம் போனில் படம் எடுத்தான். "உங்கடை கல்லிலை எழுத்து எல்லாம் ஒரே மொத்தம், அண்ணை. மூச்சுவிட இடமில்லை" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "செத்த ஆளுக்கு என்னடா மூச்சு?" என்று கலைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டு போனான்.

அவன் செய்துகொண்டிருந்தது இந்தக் காலத்து எழுத்துரு. ஒரே கோப்புக்குள் மெல்லிசு தொடக்கம் மொத்தம் வரைக்கும் எல்லாம் இருக்கும். திரையில் ஒரு கட்டையை இந்தப் பக்கம் இழுத்தால் எழுத்து கொழுக்கும், அந்தப் பக்கம் இழுத்தால் மெலியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது நம் விருப்பம். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா மென்பொருளுக்கும் அது பிடிபடுவதில்லை. ஒன்றில் ஒரு மாதிரி வரும், இன்னொன்றில் வேறு மாதிரி வரும்.

முந்திய வருட மார்கழி மழையோடு ஊரெல்லாம் டெங்கு. றூபனுக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. இருபத்து மூன்று வயது.

செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது அக்கா முன்னறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். மரண அறிவித்தலை அவரே அடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, எழும்புங்கோ, வேறை ஆரும் அடிப்பினம்" என்றேன். "வேறை ஆக்கள் பிழை விடுவினம்" என்று சொல்லிவிட்டு அடித்தார். றூபனின் எழுத்துருவிலேயே அடித்தார். அவனுடைய லப்டொப்பில் அவன் எந்த மொத்தத்தில் விட்டிருந்தானோ அந்த மொத்தத்திலேயே. அவன் பெயரைத் திரையில் பெரிதாக வைத்துப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் என்னவெல்லாமோ குசுகுசுத்தார்கள். நாக்கு இருக்கிறதுதானே, பேசத்தானே செய்யும். எனக்கு அவர்களை அங்கேயே நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. செத்தவீடு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அக்கா வேலையை நிறுத்தவில்லை. அறிவித்தல், கலியாணக் காட், நினைவு மலர் என்று எல்லாம் வந்தது, எல்லாம் சரியாகவே வந்தது. போனில் கதைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே குரல். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. காலையில் எழும்பினால் முதல் வேலையாக லப்டொப்பைத் திறந்து, மகன் பெயரை அவன் எழுத்தில் கொஞ்ச நேரம் பார்ப்பாராம். பிறகுதான் தேத்தண்ணி. இதை எமில்ராஜ் அண்ணை ஒருநாள் சந்தியில் கண்டு சொன்னார். "பாத்திட்டு ஒண்டும் சொல்லமாட்டா. மூடிவைச்சிட்டு எழும்பிடுவா" என்றார்.

அவர்கள் மிசன் கோவில் ஆட்கள். அவர்களுடைய வழக்கத்தில் சேமக்காலையில் புதைத்த இடத்தில் கல்லை ஓராண்டு நினைவில்தான் வைப்பார்கள். போதகர் வந்து ஜெபம் செய்து வைப்பார். அதற்குள் மண்ணும் இறுகிவிடும். அந்தக் கல்லுக்காகத்தான் அக்கா கார்த்திகையில் என் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, பென் டிரைவை மேசையில் வைத்தார்.

"சிவகரன், இதைக் கோடாக்கேல்லை. எழுத்தாவே தாறன். ஃபொண்டும் இதுக்குள்ளை கிடக்கு."

"ஏன் அக்கா? எப்பவும் கோடாக்கித்தானே தாறனீங்கள்?"

"கோடாக்கினா வெறும் படம். இது அவன்ரை எழுத்து. எழுத்தாவே கல்லுக்குப் போகட்டும்."

"எழுத்தாப் போனா என்ன, படமாப் போனா என்ன? கல்லுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும்" என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல. "ஒரு எழுத்தும் மாறக்கூடாது, சிவகரன். அவன் கீறினபடியே வரவேணும். வேறை ஒண்டும் எனக்குத் தேவையில்லை."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம் தன் சட்டத்தைத் தானே மீறினார். அன்றைக்கு மட்டும் வழக்கம்போலக் கோடாக்கித் தந்திருந்தால் நான் இதை எழுதவே தேவையில்லை. கல் பேசாமல் போய்ச் சேமக்காலையில் நின்றிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

என் கடைக் கொம்பியூட்டரில் கோப்பைத் திறந்தேன். எழுத்தெல்லாம் தும்புபோல மெலிந்து கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. றூபன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ற, அதற்குப் பக்கத்தில் ஒரு வெறும் சதுரம், பிறகு ப, ன். கோப்பை மூடித் திறந்தேன். எழுத்துருவை அழித்து மறுபடி ஏற்றினேன். அதே சதுரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. உடனே போனை எடுத்தேன்.

"அக்கா, உது என்ன கோதாரி ஃபொண்ட்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய எழுத்துரு என்பது எனக்கு உறைத்தது. சீ! என் வாயைச் சாக்கு ஊசியால் தைத்தாலும் பாவமில்லை.

"என்ன வருது?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

சொன்னேன். மறுபடி அனுப்பினார். இன்னொரு மென்பொருளில் திறந்து பார்த்தேன். அதில் மொத்தம் சரியாக வந்தது, முதலெழுத்தும் முழுதாக றூ என்று வந்தது, ஆனால் மற்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது ஒரு தினுசாக, கொஞ்சம் உயர்ந்து நின்றது. போனில் திறந்தேன். அதில் ஒன்றுமே றூபனின் எழுத்து இல்லை, போன் தன்னுடைய எழுத்தையே காட்டியது. ஒரே பெயர், மூன்று இடத்தில் மூன்று கோலம். இதில் எது அவன் கீறியது என்று எவனைப்போய்க் கேட்பது? கேட்க வேண்டியவன் மண்ணுக்குள் கிடக்கிறான்.

இதற்குள் அக்காவின் தங்கை ஷரோன் ரொறன்ரோவிலிருந்து, வைபரில் போன கல்லின் மாதிரிப் படத்தைப் பார்த்து, நல்லா இருக்கு, வெட்டச் சொல்லு என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இப்போது எல்லாக் கல்லும் இப்படித்தான். படம் வெளிநாட்டுக்குப் போகும், அங்கிருந்து சரி என்று வரும், பிறகு நான் வெட்டுவேன். படத்தில் எப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்துச் சரி சொன்னவர்கள் எவரும் கோப்பைத் திறந்து பார்த்ததில்லை.

பொறுக்க முடியாமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்கே போனேன். அக்கா றூபனின் லப்டொப்பைத் திறந்து காட்டினார். அதில் பெயர் வடிவாக இருந்தது. கீழே எழுத்தின் மொத்தத்தைக் காட்டும் இலக்கம் நானூற்று அறுபது.

"ஒருக்கா இழுத்துப் பாக்கட்டோ, அக்கா?"

"அதிலை கை வைக்காதேங்கோ. அவன் விட்ட இடத்திலை கிடக்கட்டும்."

சரி என்று கையை எடுத்தேன். அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் கேட்டேனா? சின்ன வயதிலிருந்தே ஒருவர் வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வேன். கட்டையைப் பிடித்து மொத்தப் பக்கமாக இழுத்தேன். ப கொழுத்தது. ன் கொழுத்தது. பக்கத்தில் எமில்ராஜ் என்று இருந்த தகப்பன் பெயர் முழுதும் கொழுத்தது. றூ மட்டும் அசையவில்லை. மற்றப் பக்கம் இழுத்தேன். எல்லாம் மெலிந்தது. றூ அப்படியே நின்றது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுத்துருவில் இல்லாத எழுத்து ஒன்று வந்தால் சில மென்பொருள் வெறும் சதுரம் காட்டும். சில மென்பொருள் கேளாமலே வேறொரு எழுத்துருவிலிருந்து ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் இருத்திவிடும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. மொத்தத்தை மாற்றினால்தான் தெரியும், இரவல் எழுத்து மற்ற எழுத்துகளோடு சேர்ந்து மாறாது. அக்கா ஒருநாளும் மாற்றிப் பார்க்கவில்லை, மகன் விட்டதை விட்டபடியே வைத்திருந்தார். கொம்பியூட்டர்க் குப்பையையே வாசித்த மனுசி இதைக் காணாமல் விட்டதற்கு அதுதான் காரணம். கட்டையை நானூற்று அறுபதுக்கே கொண்டுவந்து விட்டேன்.

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு, திரையில் அந்த முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கினார். அதன் கீழே வளைந்து போகிற வாலில் விரலை வைத்தார்.

"இந்த வாலைப் பாருங்கோ, சிவகரன். இப்பிடி ஒருத்தரும் கீறுறேல்லை. முழுக்க அவன்ரை கை. இதைத்தான் நான் விடிய எழும்பிப் பாக்கிறது."

நான் அந்த வாலைப் பார்த்தேன். அட கடவுளே! அதே வாலை நான் எத்தனை பேருடைய கல்லில் வெட்டியிருக்கிறேன். எல்லாக் கொம்பியூட்டரோடும் சும்மா வருகிற எழுத்துருவின் வால் அது. "ஓம் அக்கா" என்றேன். தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கடைக்கு வந்து றூபனின் எழுத்துருவை முழுதாகத் திறந்து பார்த்தேன். உயிரெழுத்து எல்லாம் இருந்தது. புள்ளி வைத்தது, கால் போட்டது, கொம்பு போட்டது, விசிறி போட்டது எல்லாம் இருந்தது. உகரமும் ஊகாரமும் ஏறிய எழுத்துகள் முழுக்க வெறும் கட்டங்களாகக் கிடந்தன. எழுத்துக் கீறுகிறவர்கள் கடைசிக்குத் தள்ளிவைக்கிற வேலை அதுதான். மற்றதற்கெல்லாம் காலையோ கொம்பையோ பக்கத்தில் ஒட்டிவிடலாம். கு, கூ, மு, மூ எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம், தனித்தனியே இருந்து கீற வேண்டும். பொடியன் பிறகு பார்ப்போம் என்று விட்டிருக்கிறான். தன் பெயரின் முதலெழுத்து அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பதை நினைத்தானோ என்னவோ. இருபத்து மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் பிறகு என்று ஒன்று இருக்கும்தானே.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவனுடைய ற இருக்கிறது. வால் ஒன்றுதான் தேவை. அவன் கீறிய வேறு எழுத்துகளின் வளைவைப் பார்த்து, அதே மொத்தத்தில் ஒரு வாலை நானே கீறி ஒட்டினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நல்லாகத்தான் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இரவல் வாலைவிட நல்லாக வந்தது. இதை வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன? அக்காவின் மனமும் நோகாது, கல்லும் குறையில்லாமல் நிற்கும். அதுதான் சரி என்று முடிவெடுத்து, கல்லையும் மெசினில் ஏற்றிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா எடுத்தார்.

"சிவகரன், அந்த வால் வடிவா வருதோ? அதிலைதான் என்ரை கண் முழுக்க."

"வருது அக்கா."

"சின்னனாப் போகேல்லைத்தானே? அவன் அதிலை கன நாள் மினக்கெட்டிருப்பான்."

"இல்லை."

"பிறகும் ஒருக்காப் பாருங்கோ. அவன்ரை கை மாறக்கூடாது."

"ஐயோ அக்கா, அது அவன்ரை வால் இல்லை!" என்று கத்திவிட்டேன். "அவன் அந்த எழுத்தைக் கீறவே இல்லை! அது கொம்பியூட்டர் வேறை இடத்திலையிருந்து எடுத்துப் போட்டது!"

இதுதான் என்னுடைய லட்சணம். ஆறுதலாக, இருத்தி வைத்துச் சொல்ல வேண்டியதை, கடைக்கு வெளியே ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி போனில் கத்தினேன். மற்றப் பக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலால் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரின்ரை எழுத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்?"

"கொம்பியூட்டரோடை வாறது, அக்கா. எல்லாரிட்டையும் இருக்கிறது."

"ஓ" என்றார். "சரி. நாளைக்கு வாறம்" என்று வைத்துவிட்டார். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

மறுநாள் காலை இரண்டு பேரும் றூபனின் லப்டொப்போடு வந்தார்கள். எமில்ராஜ் அண்ணை கல் அடுக்கி வைத்திருந்த பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் செய்துவைத்த றூவைத் திரையில் காட்டினேன்.

"ற அவன்ரைதான், அக்கா. வால் மட்டும்தான் நான் போட்டது. ஒருத்தருக்கும் தெரியாது."

நெடுநேரம் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறியள்" என்றார். எழுத்து ஒப்புநோக்குகிற அதே குரல். "ஆனா வேண்டாம். அவன் கீறினது மட்டும் எது எதெண்டு எனக்கு ஒரு தாளிலை அடிச்சுத் தாங்கோ."

அடித்துக் கொடுத்தேன். பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளி வைத்துக்கொண்டு போனார். முப்பது வருடமாக மற்றவர்களின் பெயர்களைச் சரிபார்த்த அதே மாதிரி. இல்லாததை மட்டும் வாயால் சொன்னார்.

"உகரம் ஏறினது இல்லை. ஊகாரம் ஏறினது இல்லை. ஸ இல்லை. ஷ இல்லை. ஹ இல்லை." பென்சில் நின்றது. "ஜ இருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். ஜ, அதற்குப் புள்ளி வைத்த ஜ், இரண்டும் இருந்தன. மெலிவிலும் மொத்தத்திலும் முழுதாகக் கீறி முடித்திருந்தான்.

"வடமொழி எழுத்தெல்லாம் எல்லாரும் கடைசியிலைதானே கீறுவினம்" என்றார் அக்கா. "மற்ற ஒண்டும் இல்லை. ஜ மட்டும் ஏன்?"

கல்லுப் பக்கத்திலிருந்து எமில்ராஜ் அண்ணை, "என்ரை பேருக்கு" என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அண்ணை எங்களைப் பார்க்கவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். "என்ரை பேரிலை ஜ் வருதெல்லோ. ஒருநாள் கேட்டவன், அப்பா உங்கடை பேரை எப்பிடி எழுதுறனீங்கள், ஜ்ஜைச் சுழிச்சு எழுதிக் காட்டுங்கோ எண்டு. நான் பஸ் ரிக்கற்றுக்குப் பின்னாலை எழுதிக் குடுத்தனான். இதுக்கெண்டு எனக்குத் தெரியாது."

அக்கா பென்சிலைத் திருப்பித் தாளின் மேலே கொண்டுபோனார். வி. னி. பி. ர. ட். ஒவ்வொன்றிலும் பென்சில் முனை நின்று நின்று போனது. அந்த ஐந்தும் சாதாரண எழுத்துகள்தான், எவன் எழுத்துரு செய்தாலும் அவற்றைக் கீறத்தான் வேண்டும். ஆனால் ஜ்ஜைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவருக்கும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு அக்கா தாளை என் பக்கம் திருப்பினார்.

"இதை வெட்டுங்கோ. எமில்ராஜ் வினிபிரட் மகன். கீழை பிறந்த திகதி, மோசம் போன திகதி. இலக்கம் எல்லாம் கீறியிருக்கிறான்."

"அக்கா, பேர்?"

"அதை அவன் எழுதேல்லை."

"விசரோ உங்களுக்கு? பேரில்லாத கல்லோ? செத்தது பிள்ளை, கல்லிலை உயிரோடை இருக்கிற உங்கடை ரண்டு பேற்றை பேரோ? சனம் என்ன சொல்லும்? ஷரோன் அக்கா என்ன சொல்லுவா?"

"கேட்டா நான் சொல்லுறன்."

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்!"

எமில்ராஜ் அண்ணை எழும்பி வந்து, தாளில் இருந்த ஜ்ஜைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ சொல்லுறபடி வெட்டும்" என்றார்.

வெட்டினேன். மொத்தம் சரியாக வந்த அந்த இரண்டாவது மென்பொருளில் திறந்தேன், கட்டை நானூற்று அறுபதிலேயே இருந்தது. இந்தத் தரம் சதுரம் ஒன்றும் வரவில்லை. என் கடைக் கொம்பியூட்டரிலும் லப்டொப்பிலும் ஒரே மாதிரி வந்தது, ஏனென்றால் இரவல் எழுத்து ஒன்றும் அதில் இல்லை. மெசின் ஜ்ஜின் சுழியில் போய்த் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. கல்தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று பொய் சொல்லுகிற ஆளும் நான் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அக்கா பக்கத்தில் நின்று, வெட்டி முடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழி இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு சேமக்காலையில் கல்லை வைத்தோம். மழை விட்டிருந்தது. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். போதகர் முன்னால் வந்து கல்லை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மெதுவாக அக்காவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, பெயர் விடுபட்டுப் போச்சே. வெட்டினவர் மறந்திட்டாரோ?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கதைத்துவிட்டார்.

"அவரிலை பிழையில்லை, போதகர். ஒண்டும் விடுபடேல்லை. பிள்ளை எங்கடை பேர் ரண்டையும் எழுதி முடிச்சவன். தன்ரையை எழுத நாள் கிடைக்கேல்லை."

போதகர் கல்லை மறுபடி ஒருதரம் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.